கூலி கேட்கிறேனாம்

நேற்று நடந்த வருமான வரி விளக்கக் கூட்டத்தில் ஆடிட்டர் உதிர்த்த முத்து இந்நேரம் உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். "பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அரசாங்கத்திடம் கூலி கேட்பீர்களா?" அரங்கமே கைதட்டியது. அந்தப் பதிலை வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்தான்.

நான் கூலி கேட்கவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்காகச் சட்டம் தருகிற வரிச் சலுகை, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஏன் வந்து சேருவதில்லை என்றுதான் கேட்டேன்.

வருமான வரிச் சட்டத்தில் 80டிடி என்று நாம் பழகிய பிரிவு. மாற்றுத்திறனாளியான பெற்றோர், துணை, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் நம்மைச் சார்ந்திருந்தால் வரி போடும் வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழிவு. குறைபாடு 80 சதவீதத்தை எட்டிவிட்டால் 1,25,000. நல்ல பிரிவுதான். ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு ஏது வருமானம்? பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? (மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகள் சம்பாதித்தாலும் பயனில்லை. அந்தப் பட்டியலில் மாமியாரே கிடையாது. புதிய வரிமுறைக்குப் போனவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.)

நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்துவிடும். ஒரு முறை வந்தது, இடுப்புக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணய அளவில். ஆற ஐந்து மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து அலாரம் வைத்துத்தான் தூங்குகிறேன். இந்தக் கழிவுக்குத் தேவையான மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போன அன்று லிஃப்ட் பழுது. அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கியது நானும் ஆட்டோ ஓட்டுநரும்.

சான்றிதழை அண்ணன் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். மாதாமாதம் பணம் அனுப்புகிறார், இல்லையென்று சொல்லவில்லை. அவர் 30 சதவீத வரி அடுக்கு, பழைய வரிமுறை. 1,25,000 கழித்தால், வரி மேல் வரியான செஸ்ஸோடு சேர்த்து ஆண்டுக்கு 39,000 ரூபாய் அவருக்கு மிச்சம். சட்டப்படி சரி. அம்மாவுக்கு எந்த அளவு டயப்பர் என்று அவருக்குத் தெரியாது. அதுவும் சட்டப்படி சரிதான்.

"வருமானமே இல்லாதவருக்கு வரிச் சலுகை எதற்கு?" என்று புத்திசாலிகள் வருவீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்! கழிவாகத் தர முடியாவிட்டால் பணமாகத் தாருங்கள். பிரிட்டனில் வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவருக்கு உதவித்தொகை உண்டு, நிபந்தனைகளோடுதான். ஜெர்மனியில் கூலி வாங்காமல் பராமரிப்பவருக்கென்றே ஆண்டுக்கு 1,800 யூரோ வரை வரிக் கழிவு. அப்படி ஓர் ஆள் வீட்டுக்குள் இருக்கிறார் என்பதையாவது அந்தச் சட்டங்கள் ஒப்புக்கொள்கின்றன.

போலிச் சான்றிதழ் பெருகுமாம். பிடியுங்கள். வரிச் சலுகைக்குக் காட்டுகிற வாடகை ரசீதில் இல்லாத போலியா? நிதிக்கு எங்கே போவது என்றால், எனக்குத் தெரியாது, நான் நிதியமைச்சர் இல்லை.

பாசத்துக்கு விலை பேசுகிறேன் என்பதுதான் வலிக்கிறது. பாசம் அண்ணனுக்கும் உண்டு. அந்தப் பாசத்துக்கு 39,000 கிடைக்கும்போது அதைக் கூலி என்று யாரும் சொல்லவில்லையே? சரி, கூலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக் கூலி பாக்கி இருக்கிறது.

இன்று காலை அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: "சான்றிதழில் முத்திரை தெளிவாகத் தெரியவில்லை, வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு."

அனுப்பிவிட்டேன்.