காலண்டரில் தொங்கிய என் வயல்

பொங்கலுக்கு அய்யம்பேட்டை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் புதுத் தினசரி காலண்டர். அட்டையில் சாமி படத்துக்குப் பதிலாக ஒரு நடவு வயல். குனிந்து நாற்று நடும் நான்கு பெண்கள், வரப்பில் ஒரு கொக்கு, பின்னால் குடமுருட்டிக் கரையின் மூங்கில் குத்து. எங்கேயோ பார்த்த படமாக இருக்கிறதே என்று அரை நிமிடம் நின்றேன். பிறகுதான் உறைத்தது, அது நான் எடுத்த படம்.

மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த ஓர் ஆனி மாதக் காலையில், குறுவை நடவின்போது எடுத்தது. இதே முகநூலில்தான் போட்டிருந்தேன். வலது கீழ் மூலையில் சின்னதாக என் பெயர் இருந்தது. காலண்டரில் அந்த மூலையில் ஒரு அரிசி மண்டியின் பெயரும் போன் நம்பரும் சிவப்பில் இருந்தன.

"இது நான் எடுத்த படம் அத்தை" என்றேன்.

"அப்படியா! எவ்வளவு குடுத்தாங்க?"

அத்தை ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். காபிரைட் எனும் பதிப்புரிமைச் சட்டத்தின் சாரத்தை அதைவிடச் சுருக்கமாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுவாரம் மண்டிக்குப் போனேன். முதலாளிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். டீ வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "கூகுள்ல கிடந்துச்சு தம்பி. அச்சாபீஸ் பையன்தான் எடுத்துக் குடுத்தான். கூகுள்ல இருக்கிறது எல்லாருக்கும் பொதுதானே?" இந்த மனிதர் அடுத்தவர் தோப்பில் விழுந்து கிடக்கும் தேங்காயைக்கூட எடுக்க மாட்டார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தேங்காய்க்கு வேலி இருக்கிறது, வரப்பு இருக்கிறது. படத்துக்கு வரப்பு எங்கே என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. நமக்கும்தான்.

வக்கீல் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து, சட்டத்தையும் புரட்டிப் பார்த்ததில் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். (பலரும் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட்டுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம்தான். நான் பதிப்புரிமை என்றே சொல்கிறேன்.)

நம்மூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "பதிவு பண்ணியிருக்கியா?" நிலத்துக்குப் பட்டா கேட்டுப் பழகிய வாய். இதற்குப் பட்டா வேண்டாம். நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி கேமராவின் பொத்தானை அழுத்திய கணத்தில், கவிதையை எழுதி முடித்த கணத்தில், உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யும் வசதி உண்டு, எழுத்துக்கும் படத்துக்கும் ஐந்நூறு ரூபாய்க் கட்டணம். வழக்கு என்று வந்தால் சாட்சியாகப் பயன்படும். ஆனால் பதியாததால் உரிமை போய்விடாது. என்னிடம் இருந்த சாட்சி அசல் கோப்பும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பதினொரு படங்களும். ஒன்றில் கொக்கு பறந்துகொண்டிருக்கிறது.

அடுத்து வரும் கேள்வி கொஞ்சம் கூர்மையானது. "நடவு வயல் உனக்கு மட்டும் சொந்தமா?" இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆற்றில் வருகிற தண்ணீர் எல்லோருக்கும் பொது. அதை மடை திருப்பி, உழுது, நட்டு, களையெடுத்து நான் விளைவித்த நெல் என்னுடையது. கருத்து ஆற்றுத் தண்ணீர், அதற்குக் கொடுத்த வடிவம் நெல். ஒரு நாடகத்தின் கதையைத் திரைப்படம் திருடிவிட்டது என்று வந்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது: கருவுக்கும் கதைப்போக்குக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் நின்று ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. இராசராசனின் வாரிசு என்று யாரும் உரிமைத்தொகை கேட்கப்போவதில்லை. நான் இன்று சாயங்கால வெளிச்சத்தில் விமானத்தைப் படம் எடுத்தால் அந்தப் படம் என்னுடையது. நாளை நீங்கள் அதே இடத்தில் நின்று எடுத்தால் அது உங்களுடையது, நான் சண்டைக்கு வர முடியாது.

"நன்றி: கூகுள்" என்று போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் ஊர்ப் பெயர்ப்பலகை மாதிரி. வழி காட்டும், ஊர் அதனுடையதில்லை. இன்னொரு கூட்டம் "படித்ததில் பிடித்தது" என்று போட்டு முழுக் கட்டுரையையும் இறக்கும். எழுதியவர் பெயர் மட்டும் எப்படியோ பிடிக்காமல் போயிருக்கும்! சரி, பெயர் போட்டுவிட்டால் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. என் மாமரத்தில் காய் பறித்துக்கொண்டு "இது இவர் வீட்டு மாங்காய்" என்று ஊரெல்லாம் சொன்னாலும் பறித்தது பறித்ததுதான். பெயர் போடுவது மரியாதை, அனுமதி வேறு. முகநூலில் போட்டதால் பொதுச்சொத்து ஆகிவிட்டது என்பதும் தவறு. அவர்கள் விதிமுறையிலேயே உரிமை போட்டவருக்குத்தான் என்று இருக்கிறது. தங்கள் தளத்தில் காட்டுவதற்கும் பகிர்வதற்கும் நாம் அவர்களுக்கு அனுமதி தருகிறோம், அவ்வளவே. ஷேர் பொத்தானை அழுத்துங்கள், சந்தோஷம். இறக்கி, வெட்டி, அச்சடிப்பது வேறு கணக்கு.

எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற சட்டமும் இல்லை இது. விமர்சனம் எழுத, செய்தி சொல்ல, சொந்தமாகப் படித்து ஆராய, வகுப்பில் பாடம் நடத்த என்று நிறைய வாசல்களை அதன் 52-ஆம் பிரிவு திறந்து வைத்திருக்கிறது. கல்லூரிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் கேட்டிருக்கக்கூடிய வழக்கு ஒன்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைமேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரிப் பெரிய பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குப் பிரதி எடுத்துத் தருவது கல்விக்கானது, அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. கல்யாணத்துக்கும் ஒரு வாசல் உண்டு. நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளை அழைப்பில் சினிமாப் பாட்டு வாசித்தால் யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். மதச் சடங்கோடு திருமண ஊர்வலத்தையும் கல்யாணக் கொண்டாட்டங்களையும் சட்டமே சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

கல்யாணம் என்றதும் ஸ்டூடியோக்காரர்கள் கோபித்துக்கொள்ளப் போகிற இன்னொன்று. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். பெண்ணின் படத்தைக் கேட்காமல் கடை வாசலில் பெரிதாக்கி மாட்டுவது அவர்கள் நினைக்கிற அளவுக்குச் சாதாரணமில்லை.

எவ்வளவு காலம் இந்த உரிமை? எழுத்து, இசை, ஓவியம், போட்டோ எல்லாவற்றுக்கும் படைத்தவரின் ஆயுள், அதன்மேல் அறுபது வருடம். திரைப்படத்துக்கு வெளியான பிறகு அறுபது. திருவையாற்றுத் தியாகையர் 1847-இல் மறைந்தவர், ஆராதனையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அவர் கீர்த்தனையைப் பாடலாம். ஆனால் அதையே ஒரு வித்வான் பாடிப் பதிவு செய்தது தனி உரிமை, அந்த ஒலிப்பதிவைத் தூக்கி உங்கள் வீடியோவுக்குப் பின்னால் போட முடியாது. எங்கள் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சா. 1942-இல் மறைந்தார். அறுபது வருடம் கழிந்து 2003 முதல் அவர் எழுத்து நம் எல்லோருக்கும் பொது. காலம் முடியும்வரை காத்திருக்காமல் பொதுவாக்குகிற நல்ல வழியும் நம் மாநிலத்தில் இருக்கிறது. 1949-இல் பாரதியின் எழுத்துரிமையை அரசு தன் வசம் எடுத்து, பிறகு மக்களுக்கே கொடுத்தது. நாட்டுடைமை என்கிறோமே, அது. வாரிசுகளுக்கு ஒரு தொகை போகும், எழுத்து ஊருக்கு வரும்.

இங்கே நான் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது. என் போனில் 'புத்தகம்' என்று ஒரு போல்டர் இருந்தது. உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களின் நாவல்கள், பிடிஎஃப்பாக, நாற்பதுக்கு மேல். வாட்ஸ்அப் குழுவில் வந்தவை. அதில் ஏழெட்டை நானே மற்ற குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறேன், "வாசிப்போம், நேசிப்போம்" என்று தலைப்புப் போட்டு. மண்டிக்காரருக்காவது விவரம் தெரியாது. எனக்குத் தெரியும், வாகாக மறந்திருந்தேன். ஆயிரம் பிரதி விற்றாலே பெரிது என்கிற தமிழ்ப் பதிப்புலகில் நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒரு பிடிஎஃப் போடுவது யார் சோற்றில் கை வைப்பது என்று யோசித்தேன். போல்டரை அழித்தாகிவிட்டது. மூன்று நாவல்களைக் கும்பகோணத்தில் காசு கொடுத்து வாங்கினேன். மீதியை வாங்குவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சம்பளம் அப்படி.

மண்டி விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்கள் சிலர் "கேஸ் போடு, உள்ளே தள்ளு" என்றார்கள். தள்ளவும் முடியும். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படத்தை மூட்டை மூட்டையாகத் திருடி விற்கிற கும்பலுக்கு இது சரி. ஒரு காலண்டருக்கு அறுபது வயது மனிதரைக் காவல் நிலையத்தில் உட்கார வைப்பது எனக்கு ஒப்பவில்லை. சிவில் கோர்ட்டில் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். இணையத்தில் மட்டும் திருடியிருந்தால் அந்தத் தளத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம், இருபத்தோரு நாள், அல்லது நீதிமன்ற உத்தரவு வரும்வரை, அவர்கள் அதை நீக்கி வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் முன்னால், நேரில் போய் உட்கார்ந்து பேசுவது என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பேசினோம். முதலில் ஒரு சிப்பம் பொன்னி தருகிறேன் என்றார். அரிசி வேண்டாம் ஐயா, ஒரு தாளில் எழுதிக்கொள்வோம் என்றேன். "படத்தை எனக்கே எழுதிக் குடுத்துடேன்" என்றார். அப்போதுதான் அவருக்குப் புரிகிற பாஷை எனக்குக் கிடைத்தது. "அது கிரயம் ஐயா. நான் தரப்போவது குத்தகை." சட்டென்று பிடித்துக்கொண்டார். டெல்டாவில் குத்தகைக்கும் கிரயத்துக்கும் வித்தியாசம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எத்தனை போகம், எந்த நிலம், என்ன பயிர் என்று பேசுவதுபோல எத்தனை வருடம், எந்தப் படம், எதற்கு என்று எழுதினோம். காலண்டருக்கு மட்டும், இரண்டு வருடம், என் பெயருடன், மூவாயிரம் ரூபாய். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், அதனால் அந்த வரியை மறக்காதீர்கள். கிரயமே செய்து கொடுத்தாலும் 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கைவிட்டுப் போகாது என்பதையும் சொன்னேன். நிலத்தில் அப்படி இல்லையே என்று சிரித்தார்.

வெற்றியோடு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன குடுத்த?"

பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்குப் பதில் தேடினேன். படம் எடுத்தவனுக்கு உரிமை. படத்தில் இருப்பவர்களுக்கு, அவர்கள் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாதவரை, அதில் இடமில்லை. சட்டப்படி நான் சுத்தம். வரப்பில் நின்றுகொண்டு, யாரையும் கேட்காமல், பன்னிரண்டு தடவை பொத்தானை அழுத்தியிருக்கிறேன். கூகுளில் கிடந்தது என்று மண்டிக்காரர் சொன்னதற்கும் வயலில் கிடந்தது என்று நான் எடுத்ததற்கும் எவ்வளவு தூரம்?

போன ஞாயிற்றுக்கிழமை நான்கு காலண்டரும் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பேர்தான் ஊரில் இருந்தார்கள், ஒருவர் மகனோடு திருப்பூர் போய்விட்டாராம். அவர்களில் மூத்தவர் காலண்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எது தம்பி நான்?"

இடமிருந்து இரண்டாவது என்று காட்டினேன்.

"முதுகுதான் தெரியுது."

பணத்தை வாங்கி மடித்துக்கொண்டார். வரும் ஆனியிலும் படம் எடுக்க வரலாமா அக்கா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நட்டுக்கிட்டு இருக்கறப்போ வராத. பத்து மணிக்கு டீ வரும், கரையேறி முகம் கழுவிட்டு உக்காருவோம். அப்ப வா."