அல்ஜீரிய நாவல் என்றால் பிரெஞ்சு மட்டும்தானா?

"அல்ஜீரியாவில் அரபி நாவலே கிடையாது, உள்ளதெல்லாம் பிரெஞ்சில், அதுவும் விடுதலைப் போரின் புகழ் பாடுபவை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அப்துல்ஹமீத் பின்ஹதூகா அரபியில் எழுதிய 'தெற்குக் காற்று' 1971-லேயே வந்துவிட்டது. கதையில் நாடு பிரான்சிடமிருந்து விடுதலை அடைந்துவிட்டது, நாயகி நஃபீசாவுக்குத்தான் விடுதலை இல்லை. தலைநகர் அல்ஜியர்ஸில் படிக்கும் அவள் விடுமுறைக்கு ஊர் வருகிறாள். நிலச் சீர்திருத்தத்தில் தன் நிலம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று, அவளை ஊர் மேயருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார் அப்பா. ஒருநாள் வீட்டைவிட்டு ஓடுகிறாள். பெண்ணுக்கும் நிலத்துக்கும் நீதி எங்கே என்று இதைவிட நேராக எப்படிக் கேட்பது?

அப்புறம், 1993-இல் அஹ்லாம் முஸ்தகானமியின் 'உடலின் நினைவு'. இதுவும் அரபிதான். போரில் இடது கையை இழந்த ஓவியர் காலித், விடுதலைக்குப் பின் பதவியைப் பிடித்தவர்களின் ஊழலைக் கண்டு குமுறுகிறார். இதையா புகழ்பாட்டு என்பது? இந்த நாவல் 1998-இல், அரபி நாவல்களுக்குத் தரப்படும் நகீப் மஹ்ஃபூஸ் பதக்கம் பெற்றது. கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் விருதுப் பட்டியலில் யாரும் சரிபார்க்கலாம்.

பிரெஞ்சில் எழுதியவர்களும் பெரியவர்கள்தான், சரி. ஆனால் அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த இரண்டு நாவல்களின் பெயரைச் சொல்லுங்கள்.