சுவரில் எழுதப்போகும் ஆறு சொற்கள்

மகனின் பாடசாலையில் (பெயர் வேண்டாம், கொழும்பு என்றால் போதும்) இடைநிலைப் பிரிவுக்கு விழுமியங்கள் வகுக்கிறார்கள். மரியாதை, பரிவு, நேர்மை, பொறுப்பு, ஒற்றுமை, சகிப்பு. நுழைவாயில் சுவரில் எழுதுமுன் பெற்றோரின் கருத்தைக் கேட்டுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். ஆறில் எனக்கு ஒட்டாத சொல் சகிப்பு. பல்வலியைச் சகிக்கலாம். பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையை எதற்குச் சகிக்க வேண்டும்?

அதே வாரம் வகுப்பாசிரியை என்னை அழைத்தார். தரம் 7இல் படிக்கும் என் மகனும் இன்னும் இருவரும் ஒரு பையனைத் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல் அது. பையன் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, தரம் 6இல் இங்கு வந்தவன். கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான்.

"என் பிள்ளை அப்படிச் சொல்லமாட்டான்" என்பது வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்தச் சொல்லை அவன் எங்கே கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஊரையும் பேச்சையும் வைத்து ஆளை எடைபோட்டுச் சிரிப்பது எங்கள் வீட்டு விருந்துகளில் ஒரு கறி மாதிரி. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்த 200ஆவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டபோது நானும் உருக்கமாக ஒரு பதிவு போட்டேன். விருப்பக்குறிகள் குவிந்தன. மேசையில் அந்தச் சொல் விழுந்தபோது மட்டும் பேசாமல் இருந்தேன்.

ஆசிரியை பிரம்பை எடுக்கவில்லை. உடல் தண்டனை கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் "இரண்டு போட்டால் திருந்துவான்" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு, படித்தவர்கள்தான். மூவரையும் மேடையில் ஏற்றி மன்னிப்புக் கேட்கவைக்கவும் இல்லை. முதலில் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மன்னிப்பெல்லாம் வேண்டாம், இடைவேளையில் கிரிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டால் போதும் என்றானாம். ஒரு வருடத்துக்கு மேலாக எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறான்.

இதைக் கேட்டபிறகு அந்த ஆறு சொற்களும் எனக்கு வேறுமாதிரித் தெரிகின்றன. பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே வெள்ளைச் சட்டைக்குள் எல்லோரும் சமம் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் சப்பாத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் பார்த்தே ஆளைப் பிரித்துவிடுகிறார்கள். பிரிக்கக் கற்றுக்கொடுப்பதும் நாம்தான். புலமைப்பரிசில் புள்ளிப்படி வகுப்புகளைப் பிரித்து, கெட்டிக்காரர் வகுப்பு எது என்று தரம் 6இலேயே எல்லோருக்கும் தெரியவைக்கிறோம். வசதிக் கட்டணம் கட்டாதவர்களின் பெயர்களை வகுப்பில் உரத்து வாசிக்கிறோம். அதை வாசிக்கும் வேலையைச் சில வேளை மாணவத் தலைவனிடமே கொடுக்கிறோம், அவனும் பிள்ளைதான். அந்தப் பட்டியலை ஒருமுறை கேட்ட பிள்ளைக்குச் சுவரில் இருக்கும் "பரிவு" எதற்கு உதவும்?

இடைவேளையில் யாரும் தனியாகச் சாப்பிடக்கூடாது என்று விதி போடலாம் என்றார் நண்பி ஒருவர். எனக்கு உடன்பாடில்லை. தனியாக இருந்து கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டு சாப்பிட்ட பிள்ளை நான். ஒருவன் தானாக ஒதுங்குவது வேறு, ஒதுக்கப்படுவது வேறு. அதை விதியால் கண்டுபிடிக்க முடியாது, அந்த ஆசிரியையைப் போல யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

படிவத்தில் கருத்துக்கு ஐந்து வரிதான் இடம். சகிப்பை எடுத்துவிடுங்கள், கட்டணப் பட்டியலை வகுப்பில் வாசிப்பதை இந்தத் தவணையோடு நிறுத்துங்கள் என்று எழுதுவதற்குள் இடம் முடிந்துவிட்டது. மிச்சத்தைப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலையகப் பையன் இடதுகைப் பந்துவீச்சாளனாம், நேற்று என் மகனை இரண்டு முறை ஆட்டமிழக்கச் செய்திருக்கிறான்.