ஓசிஐ என்றால் ஓசி இல்லை

அந்த டிக்கெட் கவுண்ட்டர் வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்த ஊர், எந்தக் கவுண்ட்டர் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த ஊழியரை ஊரறியக் கிழிப்பது என் நோக்கமும் இல்லை. ஒரு நினைவுச் சின்னத்தின் வாசலில், எழுபது தாண்டிய அம்மா தன் ஓசிஐ புத்தகத்தை நீட்டுகிறார். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவிக்கும் இந்திய அரசு புத்தக வடிவில் தரும் அட்டைதான் ஓசிஐ. உள்ளிருப்பவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "ஓசி கார்டெல்லாம் செல்லாதும்மா, ஃபாரினர் அறுநூறு" என்கிறார். வரிசை சிரிக்கிறது. கமெண்ட் பாக்ஸ் அதைவிட அதிகமாகச் சிரித்தது. "ஓசியில பாக்க பிளேன் ஏறி வந்திருக்காங்க."

முதலில் ஒன்று. அந்த அம்மா சலுகை கேட்கவில்லை. உள்துறை அமைச்சகம் 2021 மார்ச் 4 அன்று கெஜட்டில் போட்ட அறிவிக்கை, எண் எஸ்.ஓ. 1050(இ). தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், தேசிய நினைவுச் சின்னம், வரலாற்று இடம், அருங்காட்சியகம் ஆகியவற்றின் நுழைவுக் கட்டணத்தில் ஓசிஐ அட்டைதாரர் இந்தியருக்குச் சமம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. சமம். ஓசி இல்லை. இந்தியர் 40 ரூபாய் கட்டினால் அவரும் 40 ரூபாய் கட்டுவார்.

மத்தியத் தொல்லியல் துறை 2018-ல் வைத்த கட்டணம் இதுதான்: மாமல்லபுரம் மாதிரி 'ஏ' பிரிவு இடங்களில் இந்தியருக்கு 40, வெளிநாட்டவருக்கு 600. 'பி' பிரிவில் 25, 300. தாஜ்மகாலில் 50, 1100. பதினைந்து மடங்கு, இருபத்திரண்டு மடங்கு என்று போகிறது. கணவன் மனைவி இரண்டு பேர் மாமல்லபுரம் போனால் வித்தியாசம் மட்டும் 1120 ரூபாய்.

இன்னொரு வேடிக்கை. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு, பிம்ஸ்டெக் என்ற வங்கக் கடலோர நாடுகளின் கூட்டமைப்பு, இவற்றின் உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கு மாமல்லபுரத்தில் இந்தியக் கட்டணமேதான். இலங்கைக் கடவுச்சீட்டோடு வரும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு 40. கனடாக் கடவுச்சீட்டு வாங்கிவிட்ட அவருடைய சொந்த அண்ணனுக்கு 600. பாங்காக்கிலிருந்து வரும் தாய்லாந்துக்காரருக்கும் 40தான். யாரும் அவர்களைப் பார்த்து ஓசி என்று சிரிப்பதில்லை, சிரிக்கவும் கூடாது.

கவுண்ட்டரில் எங்கே இடறுகிறது என்றால், அந்தப் புத்தகம் பார்வைக்குக் கடவுச்சீட்டு மாதிரியே இருக்கிறது. உள்ளே அமெரிக்கன், பிரிட்டிஷ் என்று குடியுரிமை வேறு அச்சடித்திருக்கும். அவசரத்தில் இருப்பவர் அந்த ஒரு வரியை மட்டும் படித்து வெளிநாட்டவர் டிக்கெட்டை அடித்துவிடுவார். அச்சான பிறகு பணம் திரும்பாது. அதனால் கடவுச்சீட்டை முதலில் நீட்டவே நீட்டாதீர்கள். "ஓசிஐ, இந்தியக் கட்டணம், ரெண்டு பேர்" என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து கொடுங்கள். அசல் வேண்டும். செல்போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். கெஜட்டை ஏ4 தாளில் எடுத்து, முதல் பக்கத்தையும் கட்டணம் பற்றிய பத்தி வரும் பக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பத்தியில் மஞ்சள் மார்க்கர் போடுங்கள். முழு அறிவிக்கையை நீட்டினால் வரிசையில் நிற்க வைத்து யாரும் படிக்க மாட்டார்கள்.

புத்தகத்தில் பழைய பாஸ்போர்ட் எண் இருப்பது அடுத்த தகராறு. ஐம்பது வயதுக்குப் பிறகு வாங்கும் புதிய பாஸ்போர்ட்டை ஒருமுறை இணையத்தில் ஏற்றினால் போதும், புத்தகத்தை மாற்றத் தேவையில்லை. ஏற்றியதற்கு வரும் மின்னஞ்சலையும் ஒரு நகல் எடுத்துச் சொருகிவிடுங்கள். அப்படியும் மறுத்தால் சத்தம் போடாமல் அந்த இடத்தின் பொறுப்பாளரை, கன்சர்வேஷன் அசிஸ்டெண்டைக் கேளுங்கள். அவரும் இல்லையென்றால் கட்டிவிட்டு டிக்கெட்டைப் படம் எடுத்துக்கொண்டு, மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் தொல்லியல் துறையின் பெயரில் புகார் போடுங்கள். மாநில அரசு அருங்காட்சியகங்களில் "எங்களுக்கு சர்க்குலர் வரலை" என்பார்கள். அங்கேயும் அதே தாள்தான், கூடவே கொஞ்சம் பொறுமை. தனியார் நடத்தும் இடமென்றால் வாதாட வேண்டாம், வெயிலில் நின்றதுதான் மிச்சமாகும்.

இப்போது "பவுண்டுல பென்ஷன் வருதுல்ல, கட்டிட்டுப் போகட்டுமே" என்பவர்களுக்கு. வரிசையில் அவருக்கு முன்னால் பென்ஸில் வந்து இறங்கிய உள்ளூர்க்காரருக்கு எந்தக் கட்டணம்? வசதியைப் பார்த்துக் கட்டணம் என்றால் எல்லாரிடமும் பார்க்கட்டும்.

"நாங்க வரி கட்டுறோம்." ஐயா, வருஷத்தில் 182 நாள் இங்கே இருந்தால் வருமான வரிச் சட்டத்தில் அவரும் ரெசிடெண்ட்தான். ஆதாரும் அந்த 182 நாள் கணக்கில்தான் தருகிறார்கள். காபிப்பொடிக்கு அவர் கட்டும் ஜிஎஸ்டி உங்களுடையதைவிடக் குறைவா? சுற்றுலாப் பயணியிடம் கூடுதலாக வாங்குவதை நான் எதிர்க்கவில்லை, அது வேறு விவாதம்.

"குடியுரிமையை நீங்களாத்தானே விட்டீங்க?" இதைத்தான் பலர் கேட்டிருந்தீர்கள். இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நிமிடமே 1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு இந்தியக் குடியுரிமையைத் தானாக எடுத்துவிடும். இரட்டைக் குடியுரிமை இங்கே கிடையாது. விரும்பி விட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா ஓட்டுரிமை கேட்டாரா? விவசாய நிலம் கேட்டாரா? இரண்டுக்கும் அந்த அட்டையில் இடமில்லை என்று தெரிந்துதானே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். பர்மிங்காமில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மனைவியோடு ஊருக்கே வந்துவிட்டார். அந்தம்மா வெள்ளைக்காரர், அவரிடமும் ஓசிஐ இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் அந்தம்மாவைத்தான் நிறுத்துகிறார்கள். இவர் கையில் இருப்பதும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான், இவரை யாரும் கேட்பதில்லை. தோலைப் பார்த்து டிக்கெட் அடிக்கிறார்கள். அட்டையே இல்லாத நம்ம நிற அமெரிக்கர் 40 ரூபாயில் போய்விடுவார், அட்டை வைத்திருக்கும் அந்தம்மா தாளை விரித்துப் பாடம் நடத்த வேண்டும். போன மாதம் அந்தப் பெரியவர் மஞ்சள் பூசிய நகலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் 600 கட்டினாராம். "அவளை வச்சுக்கிட்டு வரிசையில சண்டை போட முடியலப்பா" என்றார். அவருக்கு நான் என்ன சொல்ல முடியும்?

நகல் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், கட்டணப் பத்தியைத் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். ஓசி ஜோக் அடிக்க வருபவர்கள் அந்த வீடியோவுக்குக் கீழேயே அடித்துக்கொள்ளுங்கள். இங்கே வேண்டாம்.