மூனுங்க!

(பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இன்டர்வெல். நாலாம் வகுப்பு கோகிலா டீச்சர், ஓய்வு பெறப்போகும் பழனிசாமி சார்.)

சார்: ஏனுங் டீச்சர், காலைல பசங்ககிட்ட என்னமோ கேட்டீங்களே…

டீச்சர்: தென்னைக்கு ஏன் கிளையில்லைன்னுங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல. உச்சியில ஒரே குருத்துதான், அதான்னு நானே சொல்லிப்போட்டனுங்க.

சார்: கேட்டுப்போட்டு எத்தன நேரம்…

டீச்சர்: நெறைய நேரமுங்க!

சார்: என்ற கேள்வியவே முடிக்க விடலியே நீங்க! மேரி பட் ரோவ்னு அமெரிக்காக்கார அம்மா, 1970கள்லயே சயின்ஸ் வகுப்புகள டேப்புல புடிச்சுக் கேட்டுச் சொன்னதுங்க இது. வாத்தியாருங்க பதிலுக்கு ஒரு செகண்டுதான் பொறுக்கறாங்களாம். மூனு செகண்டு பொறுத்தா பதில் நீளமா வருது, பேசாத புள்ளைகளும் பேசுது.

டீச்சர்: மூனுதானுங்களா? ஒன்னுரெண்டுமூனு. ஆச்சு!

சார்: அட, 'ஒன்னுங்க, ரெண்டுங்க, மூனுங்க'ன்னு எண்ணுங்க. நம்மூரு மரியாதைக்குக் கணக்குச் சரியா வரும்.

டீச்சர்: அதுக்குள்ள வகுப்பு சந்தைக்கடை ஆயிருமுங்க.

சார்: கேள்விய மொதல்ல கேளுங்க, பேரை அப்பறம் கூப்புடுங்க. பேரை முன்னாடியே சொல்லிட்டா மத்தவனெல்லாம் சன்னலப் பாத்துக்குவான். நடுவுல கேள்விய மாத்திக் கேக்காதீங்க, யோசிக்கறவன் மறுக்கா மொதல்ல இருந்து வரோணும். அவன் சொன்ன பொறகும் ஒரு மூனு எண்ணோணும். வெடுக்குனு 'குட்'டுன்னா அதோட சரி. நெறையப் பேரு கோட்டை விடறது இங்கதான்.

டீச்சர்: வாய்ப்பாட்டுக்குமுங்களா?

சார்: ஏழெட்டு அம்பத்தாறுக்கு எதுக்குங்க நிக்கோணும்? 'ஏன்', 'எப்படி'க்குத்தான்.

டீச்சர்: கவர்மெண்டு எமிஸ் ஆப்புல அட்டனன்ஸ் ஏத்தவே நேரம் பத்தலீங்க.

சார்: சர்வர் சுத்தறப்ப புள்ளைக மூஞ்சியப் பாருங்க. எவன் அழுதுட்டு வந்தான், எவ புது ரிப்பன் கட்டீருக்கான்னு ஆப்பு சொல்லாதுங்க. (தண்ணி குடிக்க வந்த பையனிடம்) கண்ணு, தென்னைக்கு ஏன் கிளையில்ல?

(டீச்சர் வாய் திறக்கிறார். சார் கையமர்த்துகிறார்.)

பையன்: கிளையிருந்தா மரமேறற மாமா அதுலயே படுத்துத் தூங்கிருவாருங்க.

(டீச்சர் சிரிப்பை அடக்குகிறார். சார் விரல் மடக்குகிறார்: ஒன்று… இரண்டு…)

பையன்: ஆனா… பாக்குமரத்துக்கும் இல்லீங்களே சார். அதுக்கும் உச்சியில ஒரே குருத்துதானுங்களா?

டீச்சர்: அடேய்! இத ஏண்டா காலைல சொல்லல?

பையன்: நீங்க விடலீங்க டீச்சர். (ஓடுகிறான்.)

டீச்சர்: சரிங்க சார். நான் இப்படிப் பேசாம நிக்கறப்ப வட்டாரக் கல்வி அலுவலரு, நம்ம பி.இ.ஓ., வந்துட்டா?

சார்: கையில சாக்பீஸ் வெச்சுக்கங்க. சாக்பீஸோட நின்னா சும்மா நிக்கறோம்னு எவனும் சொல்ல மாட்டான்.