மிச்சிகன் மியூசிக்கல் தியேட்டர் 'சேஃப்டி' அல்ல

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1500-ஐத் தாண்டினால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மியூசிக்கல் தியேட்டர் பி.எஃப்.ஏ.வை (நுண்கலை இளங்கலைப் பட்டம்) 'சேஃப்டி'யாக, அதாவது இடம் ஏறக்குறைய நிச்சயம் என்று நம்பி விண்ணப்பிக்கும் இடமாக, வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. அங்கே படிப்பைப் பல்கலைக்கழகம் பார்க்கும். பாட்டு, நடிப்பு, நடனத்தை இசை, நாடக, நடனப் பள்ளி தனியாகப் பார்க்கும். இரண்டிலும் தேறினால்தான் இடம். முதலில் ப்ரீஸ்கிரீன் வீடியோ (முதல்கட்டத் தேர்வுக்கு நாமே பதிவுசெய்து அனுப்புவது), அதில் தேறியவர்களுக்கே ஆடிஷன் (திறமைத் தேர்வு). மதிப்பெண் முழுதாக இருந்தும் வீடியோவோடு நின்றுபோகலாம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், கல்லூரிகள் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பான 'காமன் டேட்டா செட்'டில் வரும் சேர்க்கை விகிதம் பல்கலைக்கழகம் முழுவதுக்குமானது. சில டஜன் பேர்கூட இல்லாத ஒரு வகுப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நீங்களே சரிபார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை விட்டுவிட்டு, துறையின் அட்மிஷன் பக்கத்தில் 'ப்ரீஸ்கிரீன்', 'ஆடிஷன்' என்ற சொற்களைத் தேடுங்கள். அவை சேர்க்கைக்கான நிபந்தனையாக இருந்தால், எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அதை 'ரீச்' (இடம் கிடைப்பது கடினம்) வரிசையில் போடுங்கள். 'சேஃப்டி'க்கு ஆடிஷன் கேட்காத தியேட்டர் பி.ஏ. வேண்டும், அதோடு அந்தக் கல்லூரியில் சேர்க்கையும் எளிதாக இருக்க வேண்டும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தியேட்டர் மேஜருக்கு (முதன்மைப் பாடம்) ஆடிஷன் கேட்பதில்லை, ஆனால் அங்கே இடம் கிடைப்பதே கடினம். அதற்காக அதை யாரும் 'சேஃப்டி' என்று சொல்லிவிடாதீர்கள்!