இங்கிலாந்துக் காற்பந்துச் சம்பள வரம்பு: புலனத்தில் சுற்றும் தகவல் தவறு

சுங்கை சிப்புட் வட்டாரப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் 2.5 மில்லியன் பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் அங்கே எந்தக் கிளப்பும் நொடிப்பதில்லை."

இரண்டுமே தவறு. ஒரு கிளப் தன் வீரர்கள் அனைவருக்கும் ஓராண்டில் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கான அந்த வரம்பு, மூன்றாம் நிலையான லீக் ஒன்னுக்கு 2020 ஆகஸ்டில் வந்தது. நான்காம் நிலையான லீக் டூவுக்கு 1.5 மில்லியன். வீரர்கள் சங்கம் எதிர்க்க, 2021 பிப்ரவரியில் நடுவர் குழுவின் தீர்ப்பால் ரத்தானது. ஆறே மாத ஆயுள்!

அதற்கு முன்பும் பின்பும் இருப்பது, கிளப்பின் வருமானத்தில் இத்தனை விழுக்காடு வரைதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற விதி. ஓட்டை அங்கேதான். முதலாளி போடும் சொந்தப் பணமும் வருமானக் கணக்கில் சேரும். அவர் கையை விரித்தால், ஒப்பந்தச் சம்பளம் மட்டும் அப்படியே நிற்கும். 1885-இல் தொடங்கிய பெரி கிளப் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. மெக்கல்ஸ்ஃபீல்டு டவுனை 2020 செப்டம்பரில் நீதிமன்றம் கலைத்தது.

கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளை பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான 'கம்பெனீஸ் ஹவுஸ்' அகப்பக்கத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

பேராக் அணி 2025-இல் மலேசிய சூப்பர் லீக்கை விட்டு விலகிய ஆதங்கம் நமக்கெல்லாம் உண்டுதான். ஆனாலும் இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.